வளையாத பொருள் உண்டா?

பௌதிக சாஸ்திரம் போதிக்கும் உபாத்தியாயர்கள் தினந்தோறும் கூசாமல் சொல்லிவரும் பொய்கள் சில உண்டு. உராய்வே இல்லாத மேஜை, எடையே இல்லாத கயிறு, இழுத்தாலும் நீளாத நூல் ஆகிய இவையெல்லாம் நமது பாடப் புஸ்தகங்களில் தாராளமாகக் கிடைக்கும், கடைவீதியில்தான் கிடைப்பதில்லை. இந்தப் பொய்களுக்கெல்லாம் தலைமை வகிக்கும் பொய் ஒன்று இருக்கிறது. அதற்குத் 'திண்பொருள்' என்று பெயர். 'ரிஜிட் பாடி' என்று ஆங்கிலத்தில் சொல்லுவார்கள். எவ்வளவு பலமாக இழுத்தாலும், தள்ளினாலும், சுழற்றினாலும் இம்மியும் வளையாமல் தன் உருவம் மாறாதிருக்கும் பொருள் என்பது அதன் இலக்கணம். இருபது வருஷமாக நாமும் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு வருகிறோம். மாணவர்களும் காப்பி எழுதிக்கொண்டு, பரீட்சையில் ஒப்பித்து, மார்க்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள், சுழற்சியைப் பற்றிய பாடத்துக்கு வேகவைத்த முட்டை ஒன்று கொண்டுவரும்படி வகுப்பில் சொல்லியிருந்தோம். (முட்டை என்றவுடன் முகம் சுளிக்கும் நேயர்கள் மன்னிக்க வேண்டும். இது சமையல் குறிப்பு அல்ல.) மறுநாள் ஒரு பையன் காகிதத்தில் பத்திரமாகச் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தான். மேஜையின்மேல் வைத்துச் சுழற்றினோம். அது பம்பரம்போல் சுழலுவதற்குப் பதிலாகச் சோம்பேறித்தனமாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித் தள்ளாடியது. விரலால் தொட்டு நிறுத்திவிட்டு விரலை எடுத்தோம். நின்றுபோன முட்டை, யாரும் தொடாமலே, மறுபடியும் மெல்லச் சுழல ஆரம்பித்தது! வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. "பச்சை முட்டையைக் கொண்டுவந்து பாடத்தைக் கெடுத்துவிட்டாயே!" என்று அந்தப் பையனைக் கடிந்துகொண்டு உட்காரச் சொன்னோம்.

அன்று மாலை வீட்டில் யோசித்துப் பார்த்தபோதுதான் நமக்கு வெட்கமாயிருந்தது. பாடத்தைக் கெடுத்தது பையனா, நாமா? விரல் நிறுத்தியது ஓட்டைத்தான். உள்ளே இருந்த கருவும் வெள்ளையும் தம்பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தன. விரலை எடுத்ததும் அவை ஓட்டையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டன. கண்ணுக்கு ஒரே பொருளாகத் தோன்றியது, உண்மையில் ஒன்றோடொன்று ஒட்டி உறவாடும் இரண்டு மூன்று பொருள்களாயிருந்தது. அன்றைக்கு நடத்தியிருக்க வேண்டிய பாடமே அதுதான்.

நம்மைவிட மிகப் பெரியவர்கள் இதே பாடத்தை இதைவிட உயரமான இடத்தில் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்ல விரும்புகிறோம்.

1957-ஆம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி ருஷ்யர்கள் ஸ்புட்னிக்கை வானில் ஏவினார்கள். நாலு மாதம் கழித்து, 1958 ஜனவரி 31-ந் தேதி இரவு, அமெரிக்கர்கள் தங்களுடைய முதல் செயற்கை உபகிரகத்தைப் பிளாரிடாவிலுள்ள கேப் கனாவெரலிலிருந்து ஏவினார்கள். அதற்கு எக்ஸ்புளோரர் 1 என்று பெயர். எழுதுகோலைப்போல் ஒல்லியான உருவம். நீளம் சுமார் 80 அங்குலம். குறுக்களவு 6 அங்குலம். எடை 14 கிலோ. நெடுக்குவாட்டு அச்சைச் சுற்றி நிமிஷத்துக்கு 750 சுற்று வீதம் அதைச் சுழற்றி அனுப்பியிருந்தார்கள். துப்பாக்கிக் குண்டு சுழன்றுகொண்டே போவதால் திசை மாறாமல் போவது போல, உபகிரகமும் சுழற்சியினால் திசை மாறாமல் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதன் இடுப்பிலிருந்து நாலு மெல்லிய கம்பிகள் மீசைபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ரேடியோச் செய்தி அனுப்புவதற்காக வைத்த ஏரியல் கம்பிகள் அவை. எளிதில் வளையக்கூடியவை, சுழலும் வேகத்தினாலேயே விரிந்து நிற்பவை.

உபகிரகம் பூமியை ஓரிரு தடவை சுற்றுவதற்குள்ளாகவே விபரீதம் தெரியவந்தது. ரேடியோ ஒலி ஓங்குவதும் தேய்வதுமாக ஒழுங்கான ஒரு தாளத்தில் வந்தது. நெடுக்குவாட்டில் பம்பரமாகச் சுழன்றுகொண்டிருக்க வேண்டிய எக்ஸ்புளோரர், தலையும் காலும் மாறி மாறிக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது! யாரும் அதைத் தள்ளவில்லை. அவ்வளவு உயரத்தில் தள்ளுவதற்குக் காற்றும் போதாது. பின் ஏன் அது தானாகப் புரண்டது?

இதை விளங்கிக்கொள்ள, நேயர்கள் வீட்டிலேயே ஒரு சிறு பரீட்சை செய்யலாம். கெட்டி அட்டை போட்ட புஸ்தகம் ஒன்றைத் திறந்துகொள்ளாதபடி நூலால் கட்டிக்கொள்ளுங்கள். அதைத் தட்டைப்போலப் படுக்கவைத்துச் சுழற்றி மேலே எறிந்தால் ஒழுங்காகச் சுழன்று கையில் வந்து விழும். முதுகுப்புறம் நெடுகச் செல்லும் அச்சைச் சுற்றி உருட்டிவிட்டு எறிந்தாலும் அப்படியே. ஆனால் மூன்றாவது விதமாக, தலைப்பக்கம் உங்களை நோக்கிக் கரணம் போடும்படி எறிந்து பாருங்கள். நடுவிலே அது ஒரு புரளல் புரண்டு, அட்டை கீழாகித்தான் கைக்கு வரும். ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி மூன்று அச்சுக்கள் உண்டு. சுழற்றுவதற்கு மிகக் கடினமானது ஒன்று, மிக எளிதானது ஒன்று, இடைப்பட்டது ஒன்று. முன்னிரண்டைச் சுற்றிய சுழற்சி நிலைக்கும், இடைப்பட்டது நிலைக்காது. 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் மகா கணித மேதை வகுத்த சமன்பாடுகளிலிருந்து பெறப்படும் முடிவு இது. 1985-இல் ஸல்யூத் 7 விண்வெளி நிலையத்தில் ஜானிபேகாவ் என்ற ருஷ்ய விண்வெளி வீரர், திருகிலிருந்து கழன்று பறந்த ஒரு காதுமரை சீரான இடைவெளியில் திடீர் திடீரென்று புரண்டுகொண்டே போவதைக் கண்டு வியந்ததற்கும் இதுவே காரணம்.

எக்ஸ்புளோரருக்கு நெடுக்கு அச்சுத்தான் சுழற்ற மிக எளிதான அச்சு. ஆகவே ஆய்லரின் கணக்குப்படி அந்தச் சுழற்சி நிலைத்திருக்க வேண்டும். கணக்கில் தப்பில்லை. ஆனால் ஆய்லர் கணக்குப் போட்டது திண்பொருளுக்கு. மேலே போனதோ நாலு மீசை முளைத்த பொருள்!

சுழலும் பொருளுக்கு இருவகைச் சொத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று சுழற்சி உந்தம். வெளியிலிருந்து யாராவது முறுக்கினாலொழிய இது கூடாது, குறையாது. விற்கவோ அடகு வைக்கவோ உரிமையில்லாத பூர்விக நிலத்தைப் போன்றது. மற்றொன்று சுழற்சியின் சக்தி. இது கைரொக்கம். உள்ளுக்குள்ளேயே செலவாகிவிடும். எக்ஸ்புளோரர் மிகச் சிறிதளவு தள்ளாடினாலும், ஒவ்வொரு தள்ளாட்டத்திலும் அந்த நாலு கம்பிகள் வளைந்து நிமிர்ந்தன. ஒரு கம்பியை மாற்றி மாற்றி வளைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தால் சுடும் அல்லவா? அதுபோலவே இந்தக் கம்பிகளிலும் சக்தி சிறிது சிறிதாக உஷ்ணமாகிக் கரைந்தது. ரொக்கம் கரைந்துகொண்டே போக, நிலம் மட்டும் குறையாமலிருக்க வேண்டும் என்றால், அந்தப் பொருளுக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. சுழற்றுவதற்கு மிகக் கடினமான அச்சுக்கு மாறிக்கொண்டு, மெதுவாகச் சுழல வேண்டும். அதே உந்தத்தை மிகக் குறைந்த செலவில் காப்பாற்றக்கூடிய வாழ்க்கை அதுதான். எழுதுகோல் போன்ற உருவத்துக்கு அது குட்டிக்கரண வாழ்க்கை.

ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த பிரேஸ்வெல், காரியட் என்ற இருவர் அதே 1958-இல் 'நேச்சர்' பத்திரிகையில் இதை விளக்கி எழுதினார்கள். இவர்களில் காரியட் வெறும் ஏட்டுச் சுரைக்காயாக இருந்துவிடவில்லை. 1973-இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் ஏறி 59 நாள் தங்கிவிட்டு வந்தார்.

எக்ஸ்புளோரர் புரண்டாலும் பிரயோஜனமில்லாமல் போகவில்லை. அதிலிருந்த கருவியைக்கொண்டுதான் வான் ஆலன் பூமியைச் சூழ்ந்துள்ள கதிரியக்க வளையத்தைக் கண்டுபிடித்தார். அதன் ரேடியோ 1958 மே மாதத்தில் ஓய்ந்தது. 1970 மார்ச் 31-ந் தேதி அது காற்றுமண்டலத்தில் விழுந்து எரிந்துபோயிற்று.

கம்பிக்கு மட்டும் இந்தச் சாமர்த்தியம் உண்டு என்று எண்ணவேண்டாம். பச்சை முட்டையைப்போல் வயிற்றில் திரவத்தை வைத்துக்கொண்டிருக்கும் ராக்கெட்டுகளின் பாடும் திண்டாட்டந்தான். நிறைகுடம் தளும்பாது என்பார்கள். ராக்கெட்டின் எரிபொருள் தொட்டியோ நிமிஷத்துக்கு நிமிஷம் குறைகுடமாகிக்கொண்டே போவது. 2007 மார்ச் மாதத்தில் ஏவப்பட்ட பால்கன் 1 என்னும் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கில், தொட்டியிலிருந்த திரவப் பிராணவாயு தளும்பிய தளும்பலும், ராக்கெட்டை நேரே நிறுத்த யந்திரம் செய்த முயற்சியும் ஒன்றோடொன்று தாளம் சேர்ந்து, ஆட்டம் பெருகிப் பெருகி, கடைசியில் அது பூமியைச் சுற்றும் பாதையை அடையாமலே போயிற்று. இடுப்பில் அரைக்குடத்தை வைத்துக்கொண்டு வேகமாக நடந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தபடியாகக் கானடா தேசத்தாரின் அனுபவத்தைப் பார்ப்போம். 1962 செப்டம்பர் 29-ந் தேதி அவர்களுடைய முதல் உபகிரகமான அலூயெட் வானேறிற்று. உடல் என்னவோ ஒரு மீட்டர் அகலமுள்ள குடம் அளவுதான். ஆனால் அதிலிருந்து விரிந்த ஏரியல் நுனிக்கு நுனி 150 அடி! இவ்வளவு நீளத்தை ராக்கெட்டுக்குள் எப்படி அடக்கினார்கள்? தையற்காரரின் அளவுநாடாவைப்போல் உருளையில் தட்டையாகச் சுற்றிவைத்த எஃகுத் தகடு அது. வெளியே வர வர, தன் சுபாவத்தினாலேயே சுருண்டு குழாயாகிக்கொள்ளும். ஜார்ஜ் க்ளைன் என்ற கானடா எஞ்சினீயரின் யோசனை இது. இத்தனை எளிய யோசனை நமக்குத் தோன்றவில்லையே என்று பொறாமைப்பட வைக்கும் யோசனைகளில் ஒன்று.

அலூயெட் புரளவில்லை; வேறு விஷமம் செய்தது. அதன் சுழற்சி, எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்துகொண்டே வந்தது. பிரேக் போட்டது யார்? விசாரித்துப் பார்த்ததில் குற்றவாளி சூரியன் என்று தெரிந்தது. மூங்கில் பிளாச்சை ஒரு பக்கம் அனலில் காட்டினால் வளைவதுபோல, வெயில் படும் பக்கம் நீண்டு, நிழற்பக்கம் நீளாமலிருப்பதால் அந்தக் கம்பங்கள் வளைந்தன. உபகிரகம் சுழலுவதால், ஒரு பக்கம் சூடேறிமுடிவதற்குள் மறுபக்கம் வெயிலுக்கு வந்துவிடும். ஆகவே வளைவு சூரியனுக்குச் சரிநேராக இராமல் சற்றுப் பிந்தியே நின்றது. சூரிய வெளிச்சத்துக்கும் ஓர் அழுத்தம் உண்டு. ஒரு சதுர மீட்டரில் அது ஒரு மில்லிகிராம் எடையளவுகூடத் தேறாது. இந்த அற்ப அழுத்தம், கோணலாக நின்ற கம்பங்களின்மேல் ஒரு பக்கத்தைவிட மறுபக்கத்தில் அதிகமாக விழுந்து, ஒவ்வொரு சுற்றிலும் சுழற்சிக்கு எதிராகத் துளித்துளியாகத் தள்ளிற்று. எட்கின், ஹியூஸ் என்னும் இருவர் 1967-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். இந்தப் பிரேக்கைத் தவிர்க்க, 1965-இல் ஏவிய அலூயெட் 2-இன் நீளமான ஏரியலின் நுனிகளில் சிறு தகடுகளைப் பொருத்தி, வெளிச்சத்தின் தள்ளலையே எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். வெயில் போட்ட பிரேக்கை வெயிலைக்கொண்டே எடுத்தார்கள் என்று சொல்லவேண்டும்.

எக்ஸ்புளோரர், அலூயெட் இரண்டிலும் காரணம் தெரிந்தது விபரீதம் நேர்ந்த பிறகு. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி என்ன? வளையும் உறுப்புகளையும் அசையும் மூட்டுகளையும் சேர்த்து, முழுச் சாமானுக்கும் கணக்கு எழுத வேண்டும். இது எவ்வளவு சிரமம் என்பதைக் கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்கள் எளிதில் அறிவார்கள். ஒருவர் நகர்ந்தால் மற்ற எல்லாருமே நகர வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணக்கு எழுதப் புகுந்தால், அண்ணன் தம்பியை இழுத்தது எவ்வளவு, தம்பி அண்ணனை இழுத்தது எவ்வளவு என்று மூட்டுக்கு மூட்டு இழுபறிகள் வந்து நிற்கும். பிரெஞ்சு தேசத்தில் தாலம்பேர் 1743-லும், லக்ராஞ்ச் 1788-லும் இதற்கு ஒரு நல்ல வழி சொன்னார்கள். வீட்டுக்குள் நடக்கும் இழுபறிகள் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுகின்றன. ஆகையால் அவற்றை எழுதாமலே, குடும்பம் மொத்தமும் எந்தெந்த வகையில் அசையக்கூடும் என்பதை மட்டும் வைத்துக் கணக்கை முடிக்கலாம் என்பதே அந்த வழியின் சாரம். 1965-இல் ஹூக்கர், மார்குலீஸ் என்ற இருவர், எத்தனை உறுப்புகள் கோத்த உபகிரகமாயிருந்தாலும் பொருந்தும்படியான சமன்பாடுகளை எழுதி வெளியிட்டார்கள். அப்போது மின்கணக்கு யந்திரங்கள் வந்துவிட்டபடியால், பக்கம் பக்கமாக நீளும் அந்தக் கணக்கைப் போட ஆளும் கிடைத்தது.

பல உறுப்புள்ள பொருள் என்ன செய்யும் என்பதற்கு நம் வீட்டுப் பூனையே சாட்சி. தலைகீழாக விழவிட்டாலும் அது காலூன்றித்தான் விழும். (குழந்தைகள் இதைச் சோதிக்க முற்படாமல் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.) 1894-இல் மாரே என்னும் பிரெஞ்சுக்காரர் இதை வரிசையாகப் படமெடுத்துக் காட்டியபோது விஞ்ஞானிகளுக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. பிடித்திருந்த கையை விடும்போது பூனைக்குச் சுழற்சியே இல்லை. காற்றில் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. அப்படியிருக்க அது எப்படித் திரும்பிற்று? பூனை திண்பொருளாயிருந்தால் திரும்பியே இராது. அது இடுப்பில் மடங்கி, முன்பாதியும் பின்பாதியுமாக இரண்டு பொருள் ஆகிவிடுகிறது. இரண்டு பாதிகளும் தத்தம் அச்சில் ஒரே பக்கமாக உருளும்போது, மொத்தக் கணக்கு பூஜ்யமாகவே இருக்க வேண்டுமென்பதற்காக, மடங்கிய முழு உடலும் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. ஸ்டான்போர்டில் பேராசிரியராயிருந்த தாமஸ் கேனும், ஷெர் என்பவரும் 1969-இல் இரண்டு உருளைகளைக் கோத்த பூனையொன்றைக் கணக்கிலே படைத்து இதை விளக்கினார்கள். கேன் என்ற பெயரை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ளக் கோருகிறோம்.

மூட்டுக்களின் கணக்காவது எண்ணி முடியும். வளையும் கம்பத்துக்கு மூட்டு எங்கே இருக்கிறது? ஒவ்வொரு புள்ளியும் மூட்டுத்தான்! இங்கே கைகொடுப்பது வீணை. மீட்டிய தந்தி ஆயிரம் விதமாக நடுங்குவதாகத் தோன்றினாலும், அந்த நடுக்கம் முழுவதும் ஓர் அடிப்படை ஸ்வரமும் அதன்மேல் எழும் சில நுண்ணிய ஸ்வரங்களும் சேர்ந்த கலவைதான். கம்பத்துக்கும் அப்படியே அடிப்படை அசைவு ஒன்று, அதற்கு மேற்பட்ட அசைவுகள் சில உண்டு. அவற்றில் முக்கியமான நாலைந்தை எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிட்டால் கணக்கு அடங்கிவிடும். எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பதில்தான் எஞ்சினீயரின் ஞானம் வெளிப்படுகிறது. அவர் அடி சறுக்குவதும் அங்கேதான்.

1987-இல் கேன், ரயான், பானர்ஜி என்ற மூவர் வெளியிட்ட ஒரு கட்டுரை, அந்தச் சறுக்கலைத் தெள்ளத்தெளிவாகக் காட்டிற்று. பலரும் நம்பிக் கையாண்டுவந்த கணக்கு முறைகளுக்கு அவர்கள் மிகவும் எளிய ஒரு பரீட்சை வைத்தார்கள். சுழலும் அச்சில் ஒரு மெல்லிய கம்பத்தின் ஒரு முனையைப் பதித்து வேகமாகச் சுழற்றினால் என்ன ஆகும்? கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றிய சிறுபிள்ளைகூட விடை சொல்லும்: வேகம் கூடக்கூடக் கயிறு விறைத்து நிற்கும், கம்பமும் அப்படியே விறைக்கும். ஆனால் மின்கணக்கு யந்திரத்திலிருந்து வந்த விடையோ நேர்மாறாயிருந்தது. வேகம் கூடக்கூடக் கம்பம் தொய்ந்து, கடைசியில் எல்லையில்லாமல் வளைந்துபோகும் என்று அது சொல்லிற்று!

தப்பு எங்கே? ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சியின் நுனியைப் பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டர் வளைத்தால், நுனி பக்கவாட்டில் நகர்வதோடு, அடியை நோக்கியும் துளி உள்வாங்குகிறது. அந்த உள்வாங்கல் பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. இவ்வளவு சிறியதை யார் கணக்கில் சேர்ப்பார்கள்? எல்லாரும் ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டார்கள். ஆனால் கம்பம் வேகமாகச் சுழலும்போது, அதை வெளியே இழுக்கும் பலம் மிகப் பெரிது. அந்தப் பெரிய இழுப்பை எதிர்த்துக்கொண்டு நுனி உள்வாங்க வேண்டியிருப்பதால்தான் கம்பம் விறைக்கிறது. சிறிய உள்வாங்கலைப் பெரிய இழுப்பால் பெருக்கிய பிறகு பார்த்தால், தள்ளுவதற்குரிய தொகை அல்ல அது. முதல் வரியிலேயே அடித்துவிட்டபடியால், விறைப்புக்குரிய பகுதி மறைந்து, தொய்வுக்குரிய பகுதி மட்டும் தனியே நின்று யந்திரத்தை ஏமாற்றிவிட்டது. கடைசியில் தள்ளியிருந்தால் குற்றமில்லை. அவசரப்பட்டு முன்னதாகத் தள்ளியது குற்றமாயிற்று. பரீட்சைத் தாள்களில் இரண்டாம் வரியிலேயே எண்ணைச் சுருக்கிவிட்டு விடையைத் தப்பாகக் கொண்டுவரும் பிள்ளைகளிடம் நாம் இதைத்தான் முறையிட்டுக்கொண்டிருக்கிறோம். இனிமேல் கொஞ்சம் அனுதாபத்தோடு முறையிட வேண்டும்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் கம்பம் வளைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கோடிக்கணக்கான டாலர் செலவழித்த சாமானில் வளைந்தால் கதை வேறு. 1990 ஏப்ரல் 24-ந் தேதி வானேறிய ஹப்பிள் தூரதிருஷ்டிக் கண்ணாடியின் பெரிய ஆடி தப்பாகச் செதுக்கப்பட்டிருந்த விஷயம் உலகமெல்லாம் சிரித்த விஷயம். அதே ஹப்பிளுக்கு வேறொரு நோயும் இருந்தது. அதைப்பற்றிப் பத்திரிகைகள் அவ்வளவாகப் பேசவில்லை.

ஹப்பிளின் இரண்டு பக்கத்திலும், வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் இரண்டு சிறகுகள் இருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 40 அடி நீளம், 8 அடி அகலம். பாய்போல் சுருட்டிக்கொண்டுபோய் மேலே விரித்தவை. அந்தப் பாயை விரித்துப் பிடித்திருந்த கம்பங்கள் எவை தெரியுமா? அலூயெட்டில் நாம் பார்த்த அதே ஜாதி: உருளையில் தட்டையாகச் சுற்றி, வெளியே வந்ததும் குழாயாகச் சுருளும் எஃகுத் தகடு. ஹப்பிள் சுமார் 96 நிமிஷத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சூரியோதயம், ஓர் அஸ்தமனம். வெயிலுக்கு வரும்போதும், நிழலுக்குள் போகும்போதும் கம்பங்கள் நீண்டும் குறுகியும் வளைந்து, சிறகுகள் நடுங்கத் தொடங்கின. சிறகு நடுங்கினால் உடலும் எதிராக நடுங்கத்தானே வேண்டும்?

அந்த நடுக்கம் கண்ணுக்குத் தெரியும் நடுக்கமன்று. ஆனால் ஹப்பிள் எவ்வளவு அசையாமல் நிற்க வேண்டியது என்பதைக் கேட்டால் நேயர்கள் திடுக்கிடுவார்கள். ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் கிடைப்பது ஒரு விகலை. அந்த விகலையில் ஆயிரத்தில் ஏழு பங்குக்கு மேல் அதன் பார்வை விலகக் கூடாது. ஒரு மைலுக்கு அப்பால் நீட்டிப் பிடித்த தலைமயிரின் கனந்தான் அது. சிறகுகளின் மெல்லிய நடுக்கம் இந்த எல்லையைத் தாண்டிவிட்டது. ஒவ்வோர் உதயத்திலும் அஸ்தமனத்திலும் நட்சத்திரம் பார்வையில் குதித்தது. வேலை செய்யக் கிடைத்த நேரத்தில் ஒரு பகுதி அந்த ஆட்டம் ஓய்வதற்காகக் காத்திருப்பதிலேயே போயிற்று. ஹப்பிளைத் திருப்பி நிறுத்தும் கணக்குமுறையை மாற்றி எழுதிப் பூமியிலிருந்து அனுப்பினார்கள். சிறகின் ஆட்டத்தைக் கண்டறிந்து எதிர் ஆட்டம் ஆடி அதை அடக்கும்படி அந்தக் கணக்குக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நோய் தணிந்தது, தீரவில்லை.

1993 டிசம்பரில் எண்டெவர் விண்கலத்தில் வைத்திய கோஷ்டி ஒன்று போயிற்று. ஆடியின் குறைக்குக் கண்ணாடி மாட்டியதோடு, சிறகுகளையும் மாற்றினார்கள். பழைய சிறகுகளில் ஒன்றைத் திரும்பச் சுருட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். மற்றொன்றின் கம்பம் கோணிப்போயிருந்தபடியால் அது சுருண்டுகொள்ள மறுத்துவிட்டது. கேதரீன் தார்ன்டன் என்ற அம்மாள் விண்கலத்தின் யந்திரக் கையின் நுனியில் நின்றுகொண்டு, அதைத் தூக்கிப் பிடித்து, மெல்லக் கையை விட்டாள். எண்டெவர் விலகிச் செல்ல வாயுவைப் பீச்சியபோது, அந்தக் காற்றுப் பட்டு அந்தச் சிறகு ஒரு பெரிய பட்சியைப்போல் மேலும் கீழும் அடித்துக்கொண்டு போயிற்று. திண்பொருள் என்பதற்கு இதைவிட எதிரிடையான காட்சி அகப்படாது. புதிய சிறகுகளின் கம்பங்களுக்கு, வெயிலும் குளிரும் சட்டென்று தாக்காதபடி துருத்தியைப்போல் மடிப்பு வைத்த உறைகள் போட்டிருந்தார்கள். நடுக்கம் பெரிதும் குறைந்தது.

2002 மார்ச்சில் அந்தப் பாய்ச்சிறகுகளையும் எடுத்துவிட்டுச் சட்டம்போட்ட பலகைச் சிறகுகளைப் பொருத்தினார்கள். அவை முன்னவற்றைவிட மூன்றில் ஒரு பங்கு சிறியவை. ஆனால் மின்சாரம் அதிகம் தருபவை. இவற்றுக்கு எஞ்சினீயர்கள் இட்ட பெயர், நாம் கரும்பலகையில் எழுதும் அதே 'ரிஜிட்' என்பதுதான். ஆனாலும் பெயரை நம்பி அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஹாலந்து தேசத்தில் நார்ட்விக் என்ற ஊரில் ஐரோப்பிய விண்வெளி ஸ்தாபனத்தாரின் பரிசோதனைச் சாலை இருக்கிறது. அங்கே காற்றை நீக்கிய பெரிய அறையொன்றுக்குள் புதிய சிறகை நிறுத்தி, செயற்கை வெயிலைப் போட்டும் அணைத்தும், உதயமும் அஸ்தமனமும் மாறி மாறி உண்டாக்கி, அது எவ்வளவு நடுங்குகிறது என்று அளந்து பார்த்த பிறகே மேலே அனுப்பினார்கள்.